தஞ்சம் கேட்க உரிமை உண்டு, கொடுக்க வேண்டியது யார்?

#1 கடலோடி

வணக்கம். ஒரு பேச்சுக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பேரறிக்கையைப் புரட்டினேன். 14ஆம் பிரிவில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கொடுமைக்குத் தப்பி வருகிற யாருக்கும் வேறு நாடுகளில் தஞ்சம் நாடவும் அதைத் துய்க்கவும் உரிமை உண்டு என்கிறது. நாடலாம், சரி. துய்க்கலாம், அதுவும் சரி. நடுவில் ஒரு சொல் விட்டுப்போன மாதிரி இல்லையா? "பெற" உரிமை உண்டு என்று எங்கேயும் இல்லையே. கைக்கு வராததை எப்படித் துய்ப்பது? மொழிபெயர்ப்பில்தான் விழுந்துவிட்டதோ என்று ஆங்கிலத்தையும் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

சரி, அடுத்தது 1951 அகதிகள் ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்ட ஒரு நாடு, வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து "போ" என்று சொல்ல முடியுமா, முடியாதா? தெரிந்தவர்கள் ஒரே வரியில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

#2 சட்டப்பித்து

ஒரே வரியில் வராது. ஆனால் உங்கள் கண்ணில் பட்டது சரியான இடம். அந்தச் சொல் விழவில்லை, எடுத்தார்கள். வரைவில் "நாடவும் வழங்கப்படவும்" என்றுதான் இருந்தது. விவாதத்தில் பிரிட்டன் ஒரு திருத்தம் கொண்டுவர, "வழங்கப்படவும்" போய் அந்த இடத்தில் "துய்க்கவும்" வந்து உட்கார்ந்தது. யாரை உள்ளே விடுவது என்பது அரசின் விருப்பம், அதைத் தனி மனிதனின் உரிமையாக எழுதிக் கையில் கொடுக்க முடியாது என்பதுதான் எண்ணம். அன்றைக்கும் இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

1951 ஒப்பந்தத்திலும் "தஞ்சம் கொடு" என்று கட்டளையிடும் பிரிவு கிடையாது. தஞ்சம் என்ற சொல் முகவுரையில் வருகிறது. அதுவும் தஞ்சம் கொடுப்பது சில நாடுகள் மேல் மிதமிஞ்சிய சுமையை ஏற்றலாம் என்று கவலைப்படுகிற வரியில்! அதற்குப் பதிலாக இருப்பது 33ஆம் பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கிற எல்லையை நோக்கி ஓர் அகதியை எந்த விதத்திலும் திருப்பித் தள்ளாதே.

ஆக ஒரு நாடு "உள்ளே வா" என்று சொல்லியாக வேண்டும் என்பதில்லை. "அங்கேயே திரும்பிப் போ" என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. எழுபது வருடத்து அகதிச் சட்டம் முழுக்க அந்தச் சந்துக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

#3 எல்லைக்கல்

தெளிவாகச் சொன்னீர்கள் சட்டப்பித்து. ஆனால் இந்த இழை எங்கே போகும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது, அதனால் மறுபக்கத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வருகிற எல்லாரும் அகதிகள் இல்லை. பிழைப்புத் தேடி வருகிறவரும் அதே படகில்தான் வருகிறார். "அசைலம் அடிக்கிறது" என்று தமிழில் ஒரு வினைச்சொல்லே புழங்குகிறது. ஒரு காரியத்துக்குத் தனி வினைச்சொல் வந்துவிட்டது என்றால் அது வழக்கமாகிவிட்டது என்றுதானே பொருள்? பொய்க் கோரிக்கை ஒவ்வொன்றும் உண்மையானவரின் வரிசையை நீட்டுகிறது. இதைச் சொன்னால் உடனே கல்நெஞ்சக்காரன் பட்டம்.

#4 பழைய ஏடு

எல்லைக்கல் ஐயா, பட்டம் எல்லாம் தர மாட்டேன். கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம் என்றுதான் வந்தேன், வயசான பழக்கம்.

உண்மையானவரா பொய்யரா என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சலிக்கிற முறை இருக்கிறதே, அது ஆதியிலிருந்து வந்ததில்லை. 1921இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் நார்வேயின் துருவப் பயணி நான்செனை அகதிகளுக்கான உயர் ஆணையராக வைத்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வெளியே சிதறிய ரஷ்யர்களின் குடியுரிமையை சோவியத் அரசு பறித்திருந்தது. கையில் ஒரு தாளும் இல்லாத இலட்சக்கணக்கான மக்கள். அவர் 1922இல் கொண்டுவந்ததுதான் நான்சென் கடவுச்சீட்டு. பின்னால் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கிகூட அதை வைத்துக்கொண்டுதான் பயணம் செய்தார்.

அதைக் கொடுக்க என்ன கேட்டார்கள்? நீ ரஷ்யனா, உன் பழைய அரசின் பாதுகாப்பு உனக்கு இல்லையா, வேறு குடியுரிமை எடுத்தாயா? அவ்வளவே. பிறகு ஆர்மீனியர்களுக்கும் அப்படியே. "உனக்குத் தனிப்பட்ட முறையில் என்ன நடந்தது, எந்தத் தேதியில், எத்தனை பேர் வந்தார்கள்?" என்று யாரும் கேட்கவில்லை. கூட்டமாகத் துரத்தப்பட்டவர்களைக் கூட்டமாகவே ஏற்றார்கள்.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1938 ஜூலையில் பிரான்சின் ஏவியான் ஊரில் 32 நாடுகள் கூடி, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்கள் படும் பாட்டுக்காக உருக்கமாகப் பேசின. பேசி முடித்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்தன. பெரிய எண்ணிக்கையில் ஏற்கிறேன் என்று முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும். அடுத்த வருடம் செயின்ட் லூயிஸ் கப்பல். ஹாம்பர்க்கிலிருந்து 937 பேர், பெரும்பாலும் யூதர்கள். கியூபா ஒரு சிலரைத் தவிர யாரையும் இறக்க விடவில்லை, அமெரிக்கா விடவில்லை, கனடாவும் விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நான்கும் பங்கிட்டு ஏற்றன. அதில் மூன்று நாடுகள் பிறகு ஹிட்லர் கைக்குப் போயின. திரும்பியவர்களில் 254 பேர் கொல்லப்பட்டார்கள்.

33ஆம் பிரிவு அந்தக் கப்பலின் நிழலில் எழுதியது. எந்தக் கோரிக்கையும் பொய்யாக இருக்கக் கூடாது என்பது அதன் முதல் கவலை இல்லை.

#5 கடலோடி

254 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை, ஐயா.

அப்படியென்றால் கூட்டமாக ஏற்பது எப்போது நின்றது?

#6 சட்டப்பித்து

1951இல்தான். அந்த ஒப்பந்தம் அகதிக்கு ஒரு வரையறை எழுதியது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து. இந்த ஐந்தில் ஒன்றின் காரணமாகக் கொடுமைக்கு ஆளாவோம் என்று தகுந்த ஆதாரமுள்ள அச்சம் இருக்க வேண்டும், சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், அந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவராகவோ அச்சத்தால் பெற விரும்பாதவராகவோ இருக்க வேண்டும். அச்சம் என்பது ஒரு தனி ஆளின் நெஞ்சுக்குள் இருக்கிற சங்கதி. அன்றிலிருந்து ஆள் ஆளாகத்தான் விசாரணை.

இன்னொரு வேடிக்கை. 1951 ஜனவரி 1க்கு முன் நடந்த நிகழ்வுகளால் ஓடியவருக்குத்தான் அந்த வரையறை பொருந்தும் என்று எழுதினார்கள். விரும்பினால் ஐரோப்பாவில் நடந்தவற்றுக்கு மட்டும் என்று ஒரு நாடு சுருக்கிக்கொள்ளலாம். ஐ.நா. அகதிகள் முகமைக்கே முதலில் மூன்று வருட ஆயுள்தான் கொடுத்தார்கள், அதற்குள் வேலை முடிந்துவிடும் என்று. 1967 நெறிமுறை வந்துதான் தேதி வரம்பும் இட வரம்பும் போயின. துருக்கி போன்ற ஓரிரு நாடுகள் இட வரம்பை விடாமல் வைத்திருக்கின்றன. சிரியாப் போருக்குப் பிறகு பல ஆண்டுகள் உலகத்திலேயே அதிக அகதிகளை வைத்திருந்த நாடு துருக்கி. ஆனால் அதன் சட்டப்படி ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்குத்தான் "அகதி" என்ற பெயர். மற்றவர்களுக்கு வேறு வேறு பெயரில் பாதுகாப்பு.

குண்டுக்குப் பயந்து ஓடுவது அந்த ஐந்தில் தானாக வராது என்பதையும் கவனியுங்கள். குண்டு யாருடைய அரசியல் கருத்தையும் கேட்டுவிட்டு விழுவதில்லை. அந்த ஓட்டையை ஆப்பிரிக்க நாடுகள் 1969 உடன்படிக்கையில் அடைத்தன. அந்நிய ஆக்கிரமிப்பு, பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கிற நிகழ்வுகள், இவற்றால் ஓடுகிறவரும் அகதிதான் என்றன. 1984இல் லத்தீன் அமெரிக்காவில் கார்த்தஹேனா பிரகடனமும் அந்த வழியே போனது. பெரிய நாடுகள் செய்யத் தயங்கியதை வசதி இல்லாத நாடுகள் எழுதி வைத்தன.

#7 நிலாமுற்றம்

ஐந்தையும் எண்ணிப் பார்த்தேன். "பெண்" என்பது எங்கே?

#8 சட்டப்பித்து

இல்லை அக்கா. எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நாலாவதான "சமூகக் குழு" என்ற சன்னல் வழியாகத்தான் பெண்கள் உள்ளே வந்தார்கள். 1999இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுதான்), கணவன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, ஊர் திரும்பினால் ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டப்படும் ஆபத்திலிருந்த இரண்டு பாகிஸ்தான் பெண்களை அகதிகள் என்று ஏற்றது. அடித்தவன் அரசாங்கம் இல்லையே, கணவன்தானே என்ற வாதத்துக்கு, காப்பாற்ற வேண்டிய அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றால் இரண்டும் சேர்ந்ததுதான் கொடுமை என்று பதில் வந்தது. ஒருபால் ஈர்ப்பு உடையவர்கள் வந்ததும் அதே சன்னல்தான். "ஊருக்குப் போய் மறைத்துக்கொண்டு வாழ்ந்துகொள்" என்று திருப்பி அனுப்புவதை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2010இல்தான் நிறுத்தியது.

#9 எல்லைக்கல்

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி அப்படியே நிற்கிறது. அச்சம் நெஞ்சுக்குள் இருக்கிறது என்கிறீர்கள். கோரிக்கையை முடிவு செய்கிற அதிகாரிக்கு நெஞ்சு தெரியுமா? அவர் முன்னால் ஒரு ஆளும் ஒரு கதையும்தான். ஆவணம் இல்லை, சாட்சி இல்லை. முதல் முறை ஒன்று சொல்கிறார், இரண்டாம் முறை வேறொன்று. முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவரை நம்பாதது எப்படித் தவறாகும்?

#10 இருமொழியாள்

நான் இந்த இழையை வாசித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். எல்லைக்கல்லின் கேள்விக்காக எழுதுகிறேன். பத்து வருசத்துக்கு மேல் புகலிட நேர்காணல்களில் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். மொழிபெயர்ப்பு இல்லை, உரைபெயர்ப்பு. அவர் வாய் திறந்து முடிக்க நான் திறக்க வேண்டும், யோசிக்க நேரமில்லை. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். கீழே வருகிறதில் ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் மாற்றிவிட்டேன்.

ஒரு பெடியன். முதல் நேர்காணலில், "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை, அதுக்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தவை" என்று சொன்னார். நான் "என் மூத்த சகோதரனைக் கைது செய்தார்கள்" என்று சொன்னேன். ஏழு மாசம் கழித்து இரண்டாவது நேர்காணல், வேறு உரைபெயர்ப்பாளர். குடும்ப விவரம் கேட்கிறார்கள். கூடப்பிறந்தவர்கள்? "ஒரு தங்கச்சி மட்டும்." நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு முழுப் பந்தி அதற்கே போயிருந்தது. தனக்கு இல்லாத ஒரு சகோதரன் கைதானதாகச் சொல்கிறார், ஆகையால் மையமான சம்பவத்தையே நம்ப இயலாது என்று.

தமிழ் வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெரியம்மாவின் மகனும் அண்ணாதான். அந்தப் பெடியன் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொன்னார். "சகோதரன்" என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது.

இதைப்போல கனக்க இருக்கு. "அவங்க வந்தாங்க" என்றால் ஒரு அதிகாரியா, ஒரு கூட்டமா? மரியாதைக்கும் பன்மைக்கும் நமக்கு ஒரே விகுதி. முதல் தடவை ஒருவர் வந்தார் என்று பதிவாகும், அடுத்த தடவை பலர். "மாசி மாசம்" என்றால் எங்கட ஆட்களுக்குப் பெப்ரவரி. தமிழ்நாட்டிலிருந்து வந்த உரைபெயர்ப்பாளருக்கு மார்ச் நடுப்பகுதி வரைக்கும் மாசிதான். தேதி பிசகிவிடும். "கூட்டிக்கொண்டு போனவை" என்று மெதுவாகச் சொல்வார்கள், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று நமக்கு விளங்கும். மறுமொழியில் அது யாரோ துணைக்குக் கூட வந்த மாதிரிக் கேட்கும்.

மொழியை விடுவோம். சித்திரவதைப்பட்டவருக்கு அந்த நேரத்தின் வாசம் ஞாபகம் இருக்கும், சுவரின் நிறம் ஞாபகம் இருக்கும், எத்தனையாம் தேதி என்பது இருக்காது. சிலபேர் முதல் தடவை பாதியைத்தான் சொல்வார்கள், அதிகாரி ஆண் என்றால் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். பிறகு முழுவதையும் சொன்னால், "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று ஒரு கேள்வி வரும். அழுத்தம் திருத்தமாக, தேதி பிசகாமல், ஒரே மாதிரி இரண்டு தடவையும் சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் பாடமாக்கிக்கொண்டு வந்தவர்கள் என்று எனக்குச் சந்தேகம். எல்லைக்கல், நீங்கள் சொன்ன பொய்க்காரர் உண்டு. ஆனால் நீங்கள் வைத்திருக்கிற சல்லடையில் அவர் விழ மாட்டார்.

#11 கடலோடி

இரவு இதைப் படித்துவிட்டு என் அண்ணனை, அதாவது என் சித்தப்பா மகனை, அழைத்துப் பேசினேன். வேறொன்றும் இல்லை.

#12 சட்டப்பித்து

இருமொழியாள் அக்கா சொன்னதோடு சட்டத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். குற்ற வழக்கில் கேட்கிற மாதிரி ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை இங்கே கேட்கக் கூடாது. ஐ.நா. அகதிகள் முகமை 1979இல் ஒரு கைநூல் வெளியிட்டது. ஓடி வருகிறவர் கையில் ஆவணம் இருப்பது அபூர்வம், தன்னாலான முயற்சியைச் செய்து, சொல்வது மொத்தத்தில் நம்பும்படி இருந்தால் ஐயத்தின் பலனை அவருக்கே கொடு என்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் இன்னும் ஒரு படி போய், கொடுமை நடக்கப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அச்சத்துக்கு ஆதாரம் இருப்பதாகக் கொள்ளலாம் என்றது.

அதே 1987 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை முன் இலங்கைத் தமிழர் சிலரின் வழக்கு. அச்சம் அவருக்கு மனதார இருந்தால் போதாது, புறநிலையில் ஆபத்து இருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு. அடுத்த பிப்ரவரியில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினார்கள். 1989இல் மேல்முறையீட்டு நடுவர், அவர்களை அனுப்பியது தவறு என்று சொல்ல, மறுபடி பிரிட்டனுக்கே வந்தார்கள். 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த விவகாரத்தைக் கையில் எடுத்து, அனுப்பியபோது மனித உரிமை மீறல் நடக்கவில்லை என்றது! ஒரே ஐந்து பேர், மூன்று மன்றங்கள். சல்லடைக் கண் எவ்வளவு பெரியது என்று நீதிபதிகளுக்கே ஒருமித்த கருத்து இல்லை.

#13 நடத்துநர்

எந்த மதத்தவர் வந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். பேசுபொருளுக்குள் நில்லுங்கள்.

#14 எல்லைக்கல்

அந்த இரண்டும் என்னுடையவை இல்லை, சொல்லி வைக்கிறேன்.

இருமொழியாள், உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். சல்லடை கோணல் என்பதை ஏற்கிறேன். இனி என்னுடைய மற்ற பக்கம். அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றங்களில் நிலுவை 2023இலேயே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. விசாரணைக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் பிள்ளை பிறந்து பள்ளிக்கும் போய்விடும். பிறகு நிராகரித்து என்ன பயன், திருப்பி அனுப்ப மனசு வருமா? சொந்த நாடும் பல நேரம் திரும்ப ஏற்காது. இது தெரிந்து ஆள்கடத்துகிறவர்கள் விலை பேசுகிறார்கள். காசும் உடல் வலுவும் உள்ள இளைஞன் கடலைக் கடக்கிறான். முகாமில் கிடக்கிற கிழவிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் எந்தப் படகும் இல்லை. வந்து சேர்ந்தவனுக்கு உரிமை, சேர முடியாதவனுக்கு அனுதாபம். இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது? குறுக்கு வழியில் வராமல் முறைப்படி விண்ணப்பித்து வரட்டுமே.

#15 சட்டப்பித்து

முறைப்படி என்றால் எந்த முறை? இதுதான் இந்த முழு விவகாரத்தின் முடிச்சு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெரும்பாலான நாடுகளில் "தஞ்சம் கேட்க விசா" என்று ஒன்று இல்லை. அகதி என்ற வரையறைக்கே சொந்த நாட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சுற்றுலா விசா கேட்டால், திரும்பிப் போவதற்கு ஆதாரம் காட்டு என்பார்கள். விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம். அதனால் பயணச்சீட்டைப் பார்க்கிற ஊழியர்தான் இன்றைக்கு உண்மையான எல்லைக் காவலர். அவருக்கு அகதிச் சட்டம் தெரியாது, அவர் முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை. விமானத்தில் எவ்வளவோ மலிவாக வரக்கூடியவர் படகில் ஏன் வருகிறார் என்றால் இதனால்தான். 1951இல் எழுதியவர்களுக்கே இது தெரிந்திருந்தது. ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதமின்றி அதிகாரியிடம் போனவரை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்காதே என்று 31ஆம் பிரிவு இருக்கிறது.

இனி நான் முதலில் சொன்ன சந்து. திருப்பித் தள்ளக் கூடாது என்ற கடமை, ஆள் கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது என்று அரசுகள் வாதிட்டன. அப்படியானால் ஆள் கைக்கே வராமல் பார்த்துக்கொண்டால் போயிற்று! ஹைட்டியிலிருந்து படகில் வந்தவர்களை அமெரிக்கா நடுக்கடலில் மறித்துத் திருப்பியது. 1993இல் அதன் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், 33ஆம் பிரிவு ஆழ்கடலுக்குப் பொருந்தாது என்றது. ஆஸ்திரேலியா 2001இல், டாம்பா என்ற நார்வேக் கப்பல் கடலில் காப்பாற்றிக் கொண்டுவந்த 400க்கும் மேற்பட்டவர்களைக் கரையில் இறக்க மறுத்தது. பெரும்பாலானவர்களை நவுரு தீவுக்கு அனுப்பியது. அப்போது தொடங்கிய வழக்கம் மானுஸ் தீவு வரை போய், 2016இல் பப்புவா நியூ கினியின் உச்ச நீதிமன்றமே அந்தத் தடுப்புக்காவல் சட்டவிரோதம் என்று சொல்லும்படி ஆனது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. இத்தாலி 2009இல் சோமாலியர்களையும் எரித்திரியர்களையும் கடலில் பிடித்து லிபியாவில் கொண்டுபோய் விட்டது. 2012இல் தீர்ப்பு: உன் கப்பலில் ஏற்றிய கணமே அவர்கள் உன் பொறுப்பு, அது நடுக்கடலாக இருந்தாலும். நல்ல தீர்ப்புதான். பலன் என்ன தெரியுமா? 2017 பிப்ரவரியில் இத்தாலி லிபியாவோடு ஓர் உடன்பாடு போட்டது. இப்போது மறிக்கிற கப்பல் லிபியாவுடையது, காசும் பயிற்சியும் ஐரோப்பாவுடையவை. கை மாறிவிட்டது, காரியம் மாறவில்லை.

பிரிட்டன், வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பி அங்கேயே விசாரிக்கச் சொல்லும் திட்டத்தை 2022இல் கொண்டுவந்தது. அங்கிருந்து சொந்த நாட்டுக்கே தள்ளப்படும் ஆபத்து இருக்கிறது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தடுத்தது. 2024இல் ஆட்சி மாறியதும் திட்டத்தையே கைவிட்டார்கள்.

கையெழுத்துப் போடாத நாடுகள் எப்படி என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இந்தியா, வங்கதேசம் இரண்டும் 1951 ஒப்பந்தத்தில் இல்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து ஓடிய ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களை ஏற்றது, கையெழுத்தே போடாத வங்கதேசம்தான்.

#16 பழைய ஏடு

அந்தக் கடைசி வரிக்கு எண்களைக் கொடுக்கிறேன். 2024 முடிவில் உலகத்தில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர் என்று ஐ.நா. அகதிகள் முகமை கணக்கிட்டது. அதில் 7 கோடியே 35 லட்சம் பேர் சொந்த நாட்டு எல்லையையே தாண்டாதவர்கள். 1951 ஒப்பந்தம் அவர்களைத் தொடுவதே இல்லை. தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறார்கள். நூற்றுக்கு 73 பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஈரானில் 35 லட்சம், துருக்கியில் 29, கொலம்பியாவில் 28, ஜெர்மனியில் 27, உகாண்டாவில் 18. எல்லைக்கல் ஐயா சொன்ன முகாம் கிழவியைச் சட்டப்படி விமானத்தில் அழைத்துப் போய்க் குடியமர்த்தும் வழியும் உண்டு, மீள்குடியமர்வு என்று பெயர். வருடத்துக்கு அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அது கிடைப்பதில்லை.

கூட்டமாக ஏற்பது செத்துப்போன பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பால்கன் போர்களுக்குப் பிறகு 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் இயற்றி, இருபது வருடம் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சிரியர்கள் வந்தபோதும் எடுக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 உக்ரைன்மேல் படையெடுப்பு, மார்ச் 4 உறையிலிருந்து வாள் வெளியே. நேர்காணல் இல்லை, அச்சத்துக்கு ஆதாரம் கேட்கவில்லை, வேலை செய்யும் உரிமை உடனே. 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் கீழ் வந்தார்கள். ஐரோப்பா மூழ்கிவிடவில்லை. முடியாது என்று சொன்னது முடியாமல் இல்லை.

#17 எல்லைக்கல்

பக்கத்து நாட்டு மக்களைப் பக்கத்து நாடு ஏற்பதும் உலகத்து மறு மூலையிலிருந்து வருகிறவரை ஏற்பதும் ஒன்றா? நீங்களே சொன்னீர்கள், மூன்றில் இரண்டு பங்கு பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று. ஐரோப்பாவும் அதைத்தானே செய்தது.

#18 பழைய ஏடு

சரியான அடி. பதில் இருக்கிறது, ஆனால் அரைகுறையான பதில். ஆகையால் வைக்காமல் விடுகிறேன்.

#19 நிலாமுற்றம்

கடல் மட்டம் உயர்ந்து ஊரே போகிறவர்களுக்கு என்ன? அப்புறம் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்களே, அதுவும் இதே தஞ்சம்தானா?

#20 சட்டப்பித்து

முதலாவதற்கு: கடல் யாரையும் இனம் பார்த்துத் துரத்துவதில்லை, எனவே 1951 வரையறையில் இடமில்லை. பசிபிக் தீவு நாடான கிரிபாத்தியைச் சேர்ந்த ஒருவரை நியூசிலாந்து திருப்பி அனுப்பியது. ஐ.நா. மனித உரிமைக் குழு, 2020இல் வெளியான முடிவில், அவர் விஷயத்தில் மீறல் இல்லை என்றது. ஆனால் பருவநிலை மாற்றம் உயிருக்கே உலையாகிற நிலை வந்தால் திருப்பி அனுப்புவது உயிர்வாழும் உரிமையை மீறலாம் என்று கதவில் ஒரு சிறிய இடுக்கு விட்டது.

தூதரகம் வேறு கதை. அதைப் பொதுவாகச் சட்டமாக ஏற்றவை லத்தீன் அமெரிக்க நாடுகள் மட்டும். பெருவின் அரசியல் தலைவர் ஆயா தெ லா தோரே 1949இல் லிமாவிலுள்ள கொலம்பியத் தூதரகத்துக்குள் நுழைந்தார். வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் வரை போய், வெளியே விடவும் முடியாமல் ஒப்படைக்கவும் வேண்டாமல், 1954 வரை உள்ளேயே இருந்தார். ஒருவேளை அவர் ஒருவருக்குத்தான் "துய்க்கவும்" என்ற சொல் எழுத்துக்கு எழுத்து வாய்த்தது!

#21 எல்லைக்கல்

சிரித்துவிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். என் நிலை மாறவில்லை. எல்லை என்று ஒன்று இருக்க வேண்டும், இல்லை என்று முடிவானால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மக்கள் இந்த ஒப்பந்தத்தையே கிழித்துப் போடச் சொல்வார்கள். ஆனால் அந்த "இல்லை"யைச் சொல்கிற இடத்தில் இத்தனை ஓட்டை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதிகாரியையும் உரைபெயர்ப்பாளரையும் நீதிபதியையும் இரண்டு மடங்காக்க ஆகிற செலவு, தீவுகளுக்கும் கடலோரக் காவலுக்கும் கொடுக்கிறதைவிட அதிகமாகவா இருக்கும்?

#22 கடலோடி

என் பேச்சுக்கு வேண்டியதைவிடப் பத்து மடங்கு கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்தப் பையன் என்ன ஆனார்?

#23 இருமொழியாள்

தம்பி, நிராகரிப்புக் கடிதம் எனக்கு வந்து சேர்ந்ததே தற்செயலாகத்தான். அவருடைய வழக்கறிஞர் வேறொரு வேலைக்கு என்னைக் கூப்பிட்டார், கோப்பில் முதல் நேர்காணலின் பதிவு இருந்தது, உரைபெயர்ப்பாளர் இலக்கம் என்னுடையது. அன்றிரவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். "அண்ணா" என்று அவர் சொன்னார், "சகோதரன்" என்று நான் சொன்னேன், ஒன்றுவிட்ட சகோதரனா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஒரு பக்கம்கூட வரவில்லை. அதைக் கொடுத்த பிறகு அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு வேலை வருவது குறைந்துபோனது, காரணம் இதுதானா என்று நான் கேட்கப்போகவில்லை.

சட்டப்பித்து சொன்ன கைநூலிலேயே இன்னொரு வரி உண்டு. அங்கீகரித்ததால் ஒருவர் அகதி ஆகிறதில்லை, அகதியாக இருப்பதால்தான் அங்கீகரிக்கிறார்கள் என்று. அதன்படி பார்த்தால் அவர் எல்லையைத் தாண்டின நாளிலிருந்து அகதி. மேல்முறையீடு போட்டு ஒரு வருசமும் நாலு மாசமும் ஆகிறது. விசாரணைக்குத் தேதி இன்னும் வரவில்லை. வந்தால் நான் சாட்சி. அன்றைக்கு உரைபெயர்க்க வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.